பேச்சா, விளையாட்டா, மருந்தா: சிறுவயதிலேயே காயப்பட்ட குழந்தைக்கு எதை முதலில் தேர்ந்தெடுப்பது

என் தங்கை மகள் ஐந்தாவது வயதில் எங்களோடு இருக்க வந்தாள். முதல் இரண்டு வாரம் இருக்கிற இடமே தெரியாது. சொன்னதைச் செய்தாள், கேட்காமல் எதையும் தொடவில்லை, அழவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன சமர்த்து" என்றார்கள். மூன்றாவது வாரம் ஒரு காலை, "ஷூ போட்டுக்கோம்மா, நேரமாச்சு" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஷூ பறந்து போய்ச் சுவரில் விழுந்தது. மறு நிமிடம் அவள் கட்டிலுக்கு அடியில். முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தபோது சுவரோரம் நாலைந்து ரொட்டித் துண்டுகள் காகிதத்தில் சுற்றி அடுக்கியிருந்தது கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை.

அதற்கு முன் அவளுக்கு என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் கதை. சொல்வதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும். நான் எழுத வந்தது அடுத்த சில மாதங்களில் நாங்கள் எடுக்க வேண்டியிருந்த முடிவைப் பற்றி. ஒருவர், நல்லபடி நடந்தால் நட்சத்திரம் ஒட்டும் ஸ்டார் சார்ட் போடச் சொன்னார். ஒரு டாக்டர் ஏடிஎச்டி (கவனக் குறைபாடும் அடங்காத துறுதுறுப்பும்) என்று சந்தேகப்பட்டு மருந்தைப் பற்றிப் பேசினார். ஒரு கவுன்சிலர், "குழந்தையை வாரம் ஒரு மணி நேரம் என்னிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே இருங்கள், போதும்" என்றார். உறவினர் ஒருவர் இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்றார். அந்தக் கடைசி யோசனையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன், கேட்டேன், ஒப்பிட்டேன்.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையின் பெயரைப் பார்ப்பதற்கு முன், குழந்தையோடு ஒரே வீட்டில் வாழும் பெரியவரை அது உள்ளே சேர்த்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வெளியே உட்காரவைக்கும் எதையும், எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், நான் இரண்டாவது இடத்தில்தான் வைப்பேன்.

ஏன் இது வேறு மாதிரிக் காயம்

ஒரு விபத்து, ஒரு நாய்க்கடி, ஒரு வெள்ளம். இவையும் குழந்தையை உலுக்கிவிடும். ஆனால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஒரு மடி இருக்கும். வளர்ச்சிக் கால மனக்காயத்தில் அந்த மடியே பயமாகிப் போகிறது, அல்லது மடியே இல்லாமல் போகிறது. அடி, புறக்கணிப்பு, பாலியல் துன்புறுத்தல், வீட்டுக்குள் ஓயாத வன்முறை, ஆள் மாற்றி ஆள் கையில் வளர்வது என்று எதுவாகவும் இருக்கலாம். மூளையும் உடம்பும் உருவாகிக்கொண்டிருக்கும் வருடங்களில், திரும்பத் திரும்ப, பார்த்துக்கொள்ள வேண்டியவர்களாலேயே நடந்தது என்பதுதான் முக்கியம். அப்படிப்பட்ட குழந்தைக்கு "பயப்படாதே, நான் இருக்கேன்" என்ற வார்த்தையே நம்பத் தகுந்ததாக இருப்பதில்லை. பெரியவர்கள் இருந்தபோதுதானே அதெல்லாம் நடந்தது.

இதற்குச் சரியான பெயர் வைப்பதிலேயே பல வருடங்கள் போயின. 1992-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், நீண்ட கால வன்முறைக்கு ஆளானவர்களின் நிலை ஒற்றை அதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நிலையிலிருந்து வேறுபட்டது என்று எழுதினார். 2005-இல் இன்னொரு மனநல மருத்துவர் பெஸல் வான் டெர் கோல்க், குழந்தைகளுக்கென்று வளர்ச்சிக் கால மனக்காயக் கோளாறு என்ற தனிப் பெயரை முன்வைத்தார். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல், சிக்கலான பிடிஎஸ்டி (பிடிஎஸ்டி என்றால் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்பு) என்பதைத் தனியாக ஏற்றுக்கொண்டது. அது 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பெயர்ச் சண்டை பெற்றோருக்கு எதற்கு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் பெயர் இல்லாததன் விலையைக் குழந்தைதான் கொடுக்கிறது. எப்போதும் உஷாராக, கதவுச் சத்தத்துக்குத் திரும்பிக்கொண்டே இருப்பவளுக்குக் கவனக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். பயத்தில் எதிர்த்து நிற்கும் பையனுக்கு அடங்காமைக் கோளாறு. உறைந்து போய்ச் சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தையை யாருமே கவனிப்பதில்லை, அது நல்ல பிள்ளை. முன்பின் தெரியாதவரின் மடியிலும் போய் உட்காரும் குழந்தையைப் "பழகும் குணம்" என்று பாராட்டுகிறார்கள். ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு சிகிச்சைக்கு இட்டுச் செல்கிறது. அதனால் முதல் சந்திப்பில் குழந்தையின் நடத்தையோடு சேர்த்து, "இவளுக்கு என்ன நடந்தது" என்றும் கேட்கிறவரைத் தேடுங்கள்.

சிறுவயதில் எத்தனை வகைத் துன்பம் நேர்ந்தது என்று எண்ணிப் போடும் ஏஸ் ஸ்கோர் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. மொத்தம் 17,000-க்கும் அதிகமான பெரியவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு, பிற்கால நோய்களோடு பொருத்திப் பார்த்த பெரிய வேலை. ஆனால் அந்த எண் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லாது. அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். உங்கள் குழந்தைக்கு ஆறு, ஏழு என்று யாராவது சொன்னால் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

எதையும் தொடங்கும் முன் கேட்க வேண்டியது

ஆபத்து முடிந்துவிட்டதா? அடித்தவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா, வாரக் கடைசியில் அவரிடம் போய்வர வேண்டியிருக்கிறதா? ஆபத்து தொடர்கிறது என்றால் அந்தக் குழந்தையின் உஷாரில் தவறே இல்லை. அது அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் குறைக்கும் சிகிச்சையை அங்கே தொடங்குவது, மழையில் நிற்கிறவரின் குடையைப் பிடுங்குவது போல. முதலில் பாதுகாப்பு. சட்ட உதவி, குழந்தைகள் நல அமைப்பு, வீடு மாற்றம் என்று எது வேண்டுமோ அது.

அடுத்தது, இன்னும் ஒரு வருடம் கழித்தும் இந்தக் குழந்தையோடு இருக்கப் போகிறவர் யார்? அப்படி ஒருவர் இருந்தால் தேர்வு எளிதாகிறது. இல்லை என்றால் அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதே முதல் சிகிச்சை. வயதும் பேச்சும் அதற்குப் பிறகு.

நட்சத்திரம் ஒட்டும் சார்ட்

எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். நாங்களும் முதலில் செய்தது இதுதான், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் நட்சத்திரங்கள் ஏறின. நாலாவது நாள் ஒன்று விட்டுப்போனது. அவள் சார்ட்டையே கிழித்து, "நான் கெட்ட பொண்ணு, எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் ஆச்சரியமே இல்லை. ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை நாங்கள் எழுத்தில் போட்டுக் காட்டியது போல இருந்தது.

பரிசும் தண்டனையும் வேலை செய்ய வேண்டுமென்றால், யோசித்து நடக்கிற நிலையில் குழந்தை இருக்க வேண்டும். பயத்தின் உச்சியில் இருக்கும் குழந்தையால் அது முடியாது. தனியே அறையில் உட்காரவைக்கும் தண்டனையோ, தனியே விடப்பட்ட குழந்தைக்குப் பழைய காட்சியை அப்படியே திருப்பிப் போட்டுக் காட்டுவதாகிவிடலாம். ஆகவே சார்ட் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன்.

ஆனால் நடத்தையை மையமாகக் கொண்ட எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போடக் கூடாது. பிசிஐடி என்ற பெற்றோர்-குழந்தைப் பயிற்சி ஒன்று இருக்கிறது. 1970-களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கியது, இரண்டு முதல் ஏழு வயதுக்கு. தெரபிஸ்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, காதில் மாட்டிய கருவி வழியாகப் பெற்றோருக்கு அந்தந்த நொடியில் சொல்லிக்கொடுப்பார். முதல் பாதி முழுக்கக் குழந்தையின் போக்கில் விளையாடுவதுதான். குழந்தையை அடித்த பெற்றோர் 110 பேரிடம் செய்து 2004-இல் வெளியான ஒரு ஆய்வில், பிசிஐடி பெற்றவர்களில் 19 சதவீதத்தினர் மீது மட்டுமே மறுபடி அடித்ததாகப் புகார் வந்தது. வழக்கமான பெற்றோர் வகுப்புக்குப் போனவர்களில் அது 49 சதவீதம். அடிக்கிற கை திருந்த விரும்புகிறது, குழந்தை அதே வீட்டில்தான் வளரப் போகிறது என்றால் இதைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம். இரண்டாம் பாதியில் வரும் டைம்-அவுட்டை உங்கள் குழந்தைக்கு எப்படி மாற்றிக்கொள்வார்கள் என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பேசி ஆற்றும் சிகிச்சைகள்

டிஎஃப்-சிபிடி என்பது மனக்காயத்துக்கென்று வடிவமைத்த சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. ஜூடித் கோஹன், ஆண்டனி மன்னரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கியது. 3 முதல் 18 வயது வரைக்கும். சாதாரணமாக 12 முதல் 16 அமர்வுகள், காயம் ஆழமாக இருந்தால் 25 வரை. குழந்தைகளுக்கான மனக்காயச் சிகிச்சைகளில் ஆய்வு ஆதாரம் மிக வலுவாக இருப்பது இதற்குத்தான். நடந்தது என்ன, உடம்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று புரியவைப்பது, மூச்சையும் உடம்பையும் தணிக்கக் கற்றுக்கொடுப்பது, உணர்வுகளுக்குப் பெயர் சொல்லப் பழக்குவது, "என் தப்பு" என்ற நினைப்பை மெதுவாகப் பிரித்துப் பார்ப்பது என்று படிப்படியாகப் போகும். அப்புறம்தான் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, எழுதி, வரைந்து, ஒரு சிறு புத்தகம் போல ஆக்குவார்கள். கடைசியில் குழந்தை அதை நம்பிக்கையான பெரியவரோடு பகிர்ந்துகொள்ளும்.

இந்தச் சிகிச்சையின் மூல வடிவத்தில் பெற்றோருக்கு ஏறக்குறைய பாதிப் பங்கு உண்டு. நடைமுறையில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். "டிஎஃப்-சிபிடி தருகிறோம்" என்பார்கள், நீங்கள் வராந்தாவில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு வாரமும் எனக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் என்பது பதில் என்றால், வேறு இடம் பாருங்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. சொல்வதற்கு ஒரு நினைவும் அதைச் சொல்லக் கொஞ்சம் வார்த்தையும் வேண்டும். பேச்சு வருவதற்கு முன் நடந்தது உடம்பில் இருக்கும், கதையாக இருக்காது. அடிக்கடி உறைந்துபோகும் குழந்தையிடம் கதைப் பகுதிக்கு அவசரமாகப் போனால் நிலை மோசமாகலாம். அதனால்தான் சிக்கலான காயங்களுக்கு மொத்த அமர்வுகளில் பாதியைத் தணியக் கற்றுக்கொள்வதற்கே ஒதுக்கும்படி அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். மறுபக்கம், "இன்னும் தயாராகவில்லை" என்று வருடக்கணக்கில் நினைவுகளைத் தொடாமலே இருப்பதும் உதவி ஆகாது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. குழந்தையின் தூக்கத்தையும் மறுநாளையும் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்கிறவரே நல்ல தெரபிஸ்ட்.

ஈஎம்டிஆரும் இந்த வரிசையில்தான் வரும். 1987-இல் ஃபிரான்சின் ஷபிரோ தொடங்கியது. ஒரு நினைவை மனதில் வைத்துக்கொண்டு கண்ணை இடமும் வலமுமாக அசைப்பது, அல்லது மாறி மாறித் தட்டுவது. அந்த அசைவுதான் வேலை செய்கிறதா, பாதுகாப்பான இடத்தில் நினைவைத் திரும்பப் பார்ப்பதே போதுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனாலும் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பிடிஎஸ்டி உள்ள குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பரிந்துரைத்த இரண்டு வழிகளில் இது ஒன்று; மற்றது மனக்காயத்துக்கான சிபிடி. நிறையப் பேச வேண்டியதில்லை என்பதால் வாயே திறக்காத பத்து வயதுப் பையன்களுக்கு இது பொருந்திப்போவது உண்டு. கைகளை மார்பில் குறுக்காக வைத்து மாறி மாறித் தட்டும் பட்டாம்பூச்சி அணைப்பு இதிலிருந்து வந்ததுதான். 1997-இல் மெக்சிகோவின் அகபுல்கோவைப் புயல் தாக்கிய பிறகு, அங்கிருந்த குழந்தைகளுக்காக லூசினா அர்டிகாஸ் உருவாக்கியது. குறிப்பிட்ட சில சம்பவங்கள் கனவில் துரத்துகின்றன என்றால் ஈஎம்டிஆர் நல்ல தேர்வு. "நடந்தது" என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லாமல், நடக்க வேண்டியது எதுவுமே நடக்காமல் போன குழந்தைக்கு, அதாவது புறக்கணிக்கப்பட்ட குழந்தைக்கு, இது மட்டும் போதாது.

இருவரும் சேர்ந்து உள்ளே போவது

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது இந்த வகையைத்தான். அதனால் எனக்குச் சார்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சிபிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பெற்றோர்-குழந்தை உளச்சிகிச்சை, ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு. வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம். இதன் வேர் செல்மா ஃப்ரைபெர்க் 1975-இல் குழந்தையின் அறையில் உலவும் பேய்கள் என்று எழுதியதில் இருக்கிறது. பெற்றவரின் சிறுவயதுப் பயங்கள் அழைக்காமலே வந்து தொட்டிலருகே நிற்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். அலிசியா லீபர்மனும் பட்ரிசியா வான் ஹார்னும் அதை வீட்டு வன்முறையைப் பார்த்த குழந்தைகளுக்கான சிகிச்சையாக வளர்த்தார்கள். 75 தாய்-குழந்தை ஜோடிகளை வைத்து 2005-இல் வெளியான அவர்களது ஆய்வில், குழந்தையின் அறிகுறிகள் குறைந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது.

அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தரையில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள், அவ்வளவுதான். ஏழாவதோ எட்டாவதோ அமர்வு. அவள் பாப்பா பொம்மையை எடுத்து சோபாவுக்கு அடியில் தள்ளினாள். நான் உடனே கையை நீட்டி எடுக்கப் போனேன். தெரபிஸ்ட் மெல்ல, "விடுங்க. பாப்பா எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "பாப்பா அங்கே இருக்கு. பெரியம்மாவுக்குத் தெரியும்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள், அதுவரை பார்க்காத அளவு நேரம்.

அடுத்த முறை வீட்டில் அவள் கட்டிலுக்கு அடியில் போனபோது, வெளியே வா என்று கெஞ்சவில்லை. தரையில் உட்கார்ந்து, "நீ அங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியும்டா. நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். முக்கால் மணி நேரம் இருபது நிமிடமாகக் குறைய ஐந்து வாரம் ஆனது. இதைத் தனி அறையில் ஒரு நிபுணர் அவளோடு மட்டும் செய்திருந்தால், அந்த நம்பிக்கை அந்த நிபுணரோடு அங்கேயே நின்றிருக்கும். அவள் இரவு தூங்குவது எங்கள் வீட்டில்.

கைக்குழந்தை என்றால் மேரி டோசியர் உருவாக்கிய ஏபிசி என்ற குறுகிய திட்டத்தை முதலில் தேடுங்கள். பத்தே அமர்வுகள், எல்லாம் வீட்டிலேயே. பயிற்சியாளர் உங்களோடு உட்கார்ந்து, நீங்கள் குழந்தைக்குச் சரியாகப் பதில் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதை அப்போதே சொல்லிக் காட்டுவார். 120 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பெரியவரிடம் போவதா விலகுவதா என்று தெரியாமல் குழம்பிப்போகும் ஒட்டுதல் ஏபிசி பெற்ற குழந்தைகளில் 32 சதவீதமாகவும், வேறு பயிற்சி பெற்ற குழந்தைகளில் 57 சதவீதமாகவும் இருந்தது. காலையில் ஏறி இரவில் இறங்க வேண்டிய கார்டிசால் ஹார்மோன் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளிடம் தட்டையாகக் கிடக்கும். ஏபிசி பெற்ற குழந்தைகளிடம் அது இயல்புக்கு அருகே வந்தது, அதுவும் சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்தும். பத்து மணி நேர வேலைக்கு இது சின்ன விஷயமில்லை.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கும் தத்தெடுத்த குடும்பங்களுக்கும் டான் ஹியூஸின் டிடிபி என்ற குடும்பச் சிகிச்சை பரவலாகச் சொல்லப்படுகிறது. விளையாட்டுத்தனம், ஏற்றுக்கொள்ளல், ஆர்வம், பரிவு என்ற நான்கும் அதன் அடிப்படை. ஆய்வு ஆதாரம் முன் சொன்னவை அளவுக்கு வலுவில்லை. ஆனாலும் "ஏன் இப்படிச் செஞ்சே?" என்பதற்குப் பதிலாக "அந்த நேரம் உள்ளே எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாக்கறேன்" என்று பேசப் பழகியது எங்களுக்கு மிகவும் உதவியது.

இந்த வகையில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. அது உங்களையும் பார்க்கச் சொல்லும். உங்கள் அப்பா உங்களை எப்படி அதட்டினார், நீங்கள் எதற்கு உடனே கோபப்படுகிறீர்கள் என்பதெல்லாம் வெளியே வரும். அதற்குத் தயாரில்லாத நிலையில், உங்களுக்கே தூக்கமில்லை, மனச்சோர்வு என்றால், முதலில் உங்களுக்கென்று ஒரு கவுன்சிலரைப் பாருங்கள். குழந்தைக்குச் செய்யும் சிகிச்சையில் அதுவும் சேர்த்திதான்.

மீதி நேரம்

வாரத்துக்கு 168 மணி நேரம். சிகிச்சை அதில் ஒன்று. மீதி நேரத்துக்கென்று வந்தவைதான் டிபிஆர்ஐ போன்ற வீட்டு வழிமுறைகள். கேரின் பர்விஸ், டேவிட் கிராஸ் இருவரும் டெக்சாஸில் உருவாக்கியது டிபிஆர்ஐ. உடம்பின் தேவை, உறவு, நடத்தையைத் திருத்துவது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அதன் வழி. மனநல மருத்துவர் புரூஸ் பெர்ரி சொல்லும் வரிசையும் இதை ஒட்டியதுதான்: முதலில் தணி, பிறகு இணை, அதற்குப் பிறகே விளக்கு. நாமெல்லாம் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். கத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நியாயம் எடுத்துச் சொல்லி, அது கேட்கவில்லை என்று விலகி, கடைசியில் எல்லோரும் களைத்துப்போய் அடங்குகிறோம்.

டிபிஆர்ஐக்குப் பெரிய ஆய்வுகள் குறைவு. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் ஏதாவது தின்பதற்கும் கொடுப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முன் சொல்லிவிடுவது, குரலை இறக்கிக் கண்மட்டத்துக்குக் குனிவது போன்றவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ரொட்டியை ஒளித்ததற்குத் திட்டாமல், அவள் பெயர் எழுதிய ஒரு டப்பாவைக் கட்டிலுக்கு அருகே வைத்தோம். தினமும் இரவு அவள் கண்ணெதிரே நிரப்பினோம். டப்பா இன்னும் இருக்கிறது, இப்போது அதில் பாதி கிரேயான்.

எப்போதும் பொறுமையாக இருக்க முடியுமா? முடியாது, நானும் கத்தியிருக்கிறேன். உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் ஆய்வுகளில், நல்ல தாய்களும் கைக்குழந்தைகளும்கூட விளையாடும்போது சுமார் 30 சதவீத நேரம்தான் ஒருவருக்கொருவர் இசைந்து இருந்தார்கள். மீதி நேரம் தவறுவதும் மறுபடி சேர்வதும்தான். காயப்பட்ட குழந்தை இதுவரை பார்க்காதது அந்த மறுபடி சேர்வதைத்தான். "பெரியம்மா கத்திட்டேன், அது என் தப்பு, உன் தப்பில்லை" என்று அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மருந்தும், போகவே கூடாத இடமும்

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில், 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பிடிஎஸ்டியைத் தடுக்கவோ குணப்படுத்தவோ மருந்து கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. காயத்தை ஆற்றும் மாத்திரை கிடையாது. ஆனால் குழந்தைக்கு உண்மையிலேயே ஏடிஎச்டியும் சேர்ந்து இருக்கலாம், கடுமையான மனச்சோர்வு இருக்கலாம், வாரக்கணக்கில் தூக்கமே இல்லாமல் இருக்கலாம். அப்போது மனக்காயம் தெரிந்த சைக்கியாட்ரிஸ்ட் எழுதும் மருந்து மற்ற சிகிச்சைக்கு வழி திறக்கும். மருந்து மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால், இன்னொரு கருத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே ஓடுகிற மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

போகவே கூடாதது எது என்பதில் எனக்குத் துளிச் சந்தேகம் இல்லை. ஒட்டுதலை வரவைக்கிறோம் என்று சொல்லிக் குழந்தையை அமுக்கிப் பிடிப்பது, விடாமல் கண்ணைப் பார்க்கவைப்பது, ஆத்திரத்தை வலிந்து கிளப்பி "வெளியேற்றுவது" என்று சிலர் செய்து வந்தார்கள். 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில் பத்து வயதுச் சிறுமியைத் துணியில் சுற்றி அமுக்கி "மறுபிறப்பு" நடத்தியதில் அந்தக் குழந்தை மூச்சுத் திணறி இறந்தாள். மறு ஆண்டே அந்த மாநிலம் அதைச் சட்டத்தால் தடை செய்தது. குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தின் குழு 2006-இல் இவ்வகை முறைகள் அனைத்தையும் வேண்டாம் என்றது. பெயர்கள் மாறி இன்றும் வரலாம். குழந்தை "விடுங்க" என்று சொன்ன பிறகும் விடாத எதுவும் சிகிச்சை இல்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால்

இரண்டு வயதுக்குள் என்றால் ஏபிசி, இல்லாவிட்டால் அதைப் போல வீட்டுக்கு வந்து பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் எதுவும். ஆறு வயதுக்குள் என்றால் சிபிபி. வீட்டில் மோதலும் அடியும்தான் முக்கியப் பிரச்சினை என்றால் பிசிஐடி. அதற்கு மேல் வயது, சொல்லக்கூடிய நினைவுகள், நிலையான ஒரு பெரியவர், ஆபத்து முடிந்த நிலை, எல்லாம் இருந்தால் பெற்றோரை முழுதாகச் சேர்த்துக்கொள்ளும் டிஎஃப்-சிபிடியை முதலில் வைப்பேன். பேசவே மறுக்கிற பிள்ளைக்கு ஈஎம்டிஆர். இன்றைக்கு ஒரு வீடு, அடுத்த மாதம் வேறு வீடு என்று இருக்கிற குழந்தையிடம் மட்டும் பழைய கதையைக் கிளற வேண்டாம். அங்கே தூக்கம், பள்ளி, ஒரே ஒரு தொடர்ந்து வரும் மனிதர், இவைதான் முதலில்.

தள்ளிப் போடுவதற்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும். ருமேனியாவின் புகாரெஸ்டில், அனாதை இல்லங்களில் இருந்த 6 முதல் 31 மாதக் குழந்தைகள் 136 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகியோர் நடத்தியது. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் இல்லத்தில் இருந்தவர்களைவிட மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் முதலிலேயே வீடு கிடைத்திருக்க வேண்டும் என்ற வலி அந்த ஆய்வைப் படிக்கும்போது எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை. இரண்டு வயது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று அதைப் படிக்காதீர்கள். என் தங்கை மகள் வந்தபோது அவளுக்கு ஐந்து.

தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது நான் தாளில் எழுதிக் கொண்டுபோன கேள்விகள் இவை. எந்தச் சிகிச்சை, அதில் யாரிடம் பயிற்சி பெற்றீர்கள்? நான் எப்போதெல்லாம் உள்ளே இருப்பேன்? அவள் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? பள்ளி ஆசிரியரிடம் நான் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது? எத்தனை வாரம் கழித்து, எதை வைத்து, இது வேலை செய்கிறதா என்று பார்ப்போம்? கடைசிக் கேள்விக்கு ஒருவர் முகம் சுளித்தார். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் நோட்டை எடுத்து, "பன்னிரண்டாவது வாரம். தூக்கம், கட்டிலுக்கு அடியில் இருக்கும் நேரம், பள்ளியிலிருந்து வரும் போன், இந்த மூணையும் நீங்க எழுதிக்கிட்டு வாங்க" என்றார்.

அவரிடம் இடம் கிடைக்கவே பதினோரு வாரம் காத்திருந்தோம். அந்தப் பதினோரு வாரத்தில் செய்தவை டப்பா வைத்தது, காலையில் பத்து நிமிடம் முன்னதாகவே "இன்னும் கொஞ்ச நேரத்துல ஷூ" என்று சொல்லிவைத்தது, இரவு கதவைப் பாதி திறந்து வைத்தது, மூன்றும்தான்.